யாரும் தேடாத சொற்கள்

"சேட்டா, உங்க படத்துல ஒருத்தருக்கும் முகமே இல்லையே. இதைப் பார்த்துட்டு எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்?"

ஜின்சி திரையை ஏலியாஸின் பக்கம் திருப்பினாள். கேரளத்துப் பெரும்பாவூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது அவளுடைய அலுவலகம். கடைக்காரர்களின் இணையதளங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவருவது அவள் தொழில். ஏலியாஸ் மரியா ஸ்டூடியோக்காரர். ஊரில் பாதிக் கல்யாணங்களைப் படமெடுத்தவர்; போலீஸ் கூப்பிட்டாலும் கேமராவோடு போவார்.

திரையில் கைகள்தான் இருந்தன. மீன் உருவம் பச்சை குத்தி, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிய வலது கை, செப்புக் காப்பு மாட்டிய கை. நடுவில் ஒரு கட்டம் போட்ட சட்டை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு அடிக்கோல்.

"எதுக்கு இந்த ஸ்கேலு? வளையல் கடை போடப் போறீங்களா?"

"அளவு தெரியணும் மோளே."

"முகம் எங்க?"

"போட்டா நல்லா இருக்காது."

கலைஞர்களுக்குப் பைத்தியம் பிடிப்பது இப்படித்தான் என்று ஜின்சி நினைத்துக்கொண்டாள். கீழே பேக்கரியிலிருந்து வந்த பழம்பொரியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் தொடவில்லை.

"தேடுற இயந்திரத்துக்குக் கண்ணு கிடையாது சேட்டா. படத்துக்குக் கீழ நாம எழுதுறதை வச்சுத்தான் அது கண்டுபிடிக்கும். 'பெரும்பாவூர் சிறந்த கல்யாணப் போட்டோ'ன்னு போட்டுடறேன். நீங்கதான் முதல்ல வருவீங்க."

"அது வேண்டாம்." ஏலியாஸ் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். "இதைப் போடு."

ஒடியாவிலும் வங்காளத்திலும் எழுதியிருந்தது. ஒரு எழுத்தும் ஜின்சிக்குப் புரியவில்லை.

"பிளைவுட் கம்பெனியில வேலை பார்க்கிற வடக்கத்திப் பாயி ஒருத்தன் எழுதித் தந்தான். வலது கை, மீன் பச்சை, சிவப்புக் கயிறு. அவ்வளவுதான். அவங்க ஊர்ல வாயால பேசற மாதிரியே எழுதியிருக்கான். போன்ல பேசித் தேடினாலும் கிடைக்கும்ல?"

அந்தச் சொற்களை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று ஜின்சி கணினியில் போட்டுப் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

"இதைத் தேடுறவங்க உலகத்துல ஒருத்தரும் கிடையாது சேட்டா. பூஜ்யம். பாயிமார்தான் உங்க கஸ்டமர்னா, அவங்க கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிடுவாங்களே."

"போறவங்க போவாங்க." ஏலியாஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஒருத்தர் தேடினாப் போதும். அந்த ஒருத்தருக்குக் கிடைக்காமப் போயிடக் கூடாது. அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன்."

அவளுக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் ஜின்சி செய்து பார்த்தாள். பக்கத்தின் தலையில் ஒரு மணப்பெண் படத்தை வைத்தாள். 'இன்றே முன்பதிவு செய்யுங்கள்' என்று ஒரு பொத்தானும் வைத்தாள். மறுநாளே ஏலியாஸ் படியேறி வந்து இரண்டையும் எடுக்கச் சொன்னார்.

"கல்யாணப் படம் இதுங்க பக்கத்துல வேண்டாம் மோளே. என் நம்பரை மட்டும் பெரிசாப் போடு. எந்நேரமும் கூப்பிடலாம்னு அவங்க பாஷையில எழுது."

"பிழைக்கத் தெரியாத மனுஷன்" என்று அவர் காதுபடவே சொன்னாள். அவர் கேட்டபடியே செய்து கொடுத்தாள்.

அதன்பிறகு திங்கட்கிழமை தோறும் வந்தார். "யாராவது பார்த்தாங்களா?" என்று நின்றபடியே கேட்பார். "நானும் நீங்களும்தான்" என்பாள். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போவார்.

மழை தொடங்கியபின் ஒரு திங்கட்கிழமை, அவர் வாசலில் குடையை மடக்குவதற்குள் ஜின்சி கத்தினாள்.

"சேட்டா, விருந்து வைங்க! ஒடிசாவுல உங்களுக்கு ஒரு ரசிகர் கிடைச்சாச்சு. கந்தமால்னு ஊரு. நேத்துலேருந்து அந்த மீன் பச்சைக் கைப் படத்தையே மூடி மூடித் திறந்து பார்த்துட்டு இருக்காங்க!"

ஏலியாஸ் சிரிக்கவில்லை. முதல் முறையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குடையிலிருந்து தண்ணீர் அவர் வேட்டியில் சொட்டியது.

"அந்தப் படமா? நல்லாப் பார்த்தியா?"

"அதேதான். என்ன சேட்டா, ஜெயிச்ச மூஞ்சியா இது?"

அவருடைய போன் அடித்தது. தெரியாத எண். ஜின்சி எட்டிப் பார்த்துக் கையைத் தட்டினாள்.

"முதல் கஸ்டமர்! எடுங்க, எடுங்க. ரேட்டைக் குறைச்சுடாதீங்க!"

ஏலியாஸ் எழுந்து நின்று போனைக் காதில் வைத்தார். ஒரு பெண்ணின் குரல். வயதான குரல். ஏதோ கேட்டது, நின்றது, மறுபடியும் அதையே கேட்டது.

அரைகுறை இந்தியில் அவர் பதில் சொன்னார். "ஆமாம்மா... வலது கை. ஆமா, சிவப்புக் கயிறுதான்."

தட்டிய ஜின்சியின் கைகள் அப்படியே நின்றன. திரையில் அந்தக் கையின் பக்கத்தில் இருந்த அடிக்கோலை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா. புதைச்ச இடத்தை நான் காட்டறேன்."