ஞானதுரையின் ஆறுதல் ஊழியம்

சகல சபையாருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஆறுதல் சொல்வதில் இந்தச் சேகரத்துச் சபைகளிலேயே தன்னிகரற்றவரான பிரசங்கியார் எட்வின் ஞானதுரை, மனைவியை அடக்கம் செய்த நாளிலிருந்து கண்மூடாத தம் சிநேகிதர் ஜெபமணியைத் தேற்றப் புறப்பட்டார். இயேசு விழித்திருக்கச் சொல்லியும் கெத்சமனேயில் தூங்கிவிழுந்த சீஷர்களைக் கண்டிக்கும் பிரசங்கம் ஒன்று, உபதலைப்புகளோடு, தயாராக இருந்தது.

"பேசாம பக்கத்துல உக்காரும்வே, அது போதும்" என்றார் ஜெபமணி.

ஞானதுரை பிரசங்கத்தை மடித்துப் பையில் வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். மத்தியான வெயில், வயிற்றில் மீன்குழம்புச் சாப்பாடு, தலைக்கு மேலே மின்விசிறி. வாயை மூடினால் தமக்குக் கண்ணும் மூடிக்கொள்ளும் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

விழித்தபோது, கெத்சமனேயில் தூங்கிப்போன பேதுருவைப் போல வெட்கிப்போனார். ஆனால் அவர் தோளில் ஜெபமணியின் தலை சாய்ந்து கிடந்தது. நல்ல தூக்கம். டீயோடு வந்த மகள் பியூலா, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்: "அசையாதீங்க மாமா. அம்மாவும் உங்கள மாதிரிதான் குறட்டை விடுவாவ. அந்தச் சத்தம் இல்லாமத்தான் அப்பாவுக்கு இத்தன நாளா தூக்கம் வரல."

இதற்குள் ஜெபமணியின் இமைகள் லேசாக அசைந்தன. ஞானதுரை பதறிப்போய், கண்களை அகலத் திறந்தபடியே ஒரு குறட்டையை இழுத்து விட்டார். இமைகள் அடங்கின. இன்னொன்றை இழுத்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

சபையில் எத்தனையோ பேரைத் தூங்கவைத்தவர்தான். பேசாமல் ஒருவரைத் தூங்கவைத்தது இதுவே முதல்முறை.