மூன்றாவது முகூர்த்தம்

மல்லேஸ்வரத்தில், புரோகிதர் குறித்துக் கொடுத்த மூன்று கல்யாணத் தேதிகளைத் தன் காதலி அதிதியின் அப்பா பத்ரிநாத்திடம் நீட்டினான் கிரீஷ். பேப்பரில் 'வரலாற்றில் இன்று' படிக்காமல் அவருக்குக் காபி இறங்காது.

“ஏப்ரல் பதினஞ்சா? டைட்டானிக் முழுகின நாள். வேண்டாம்.”

“மே ஆறு, அங்கிள்?”

“ஆகாயக் கப்பல் பத்திண்டு எரிஞ்ச நாள். அதுவும் வேண்டாம்.”

கன்னடக்காரப் பையனுக்குப் பெண் கொடுக்க மனமில்லாமல்தான் தட்டிக்கழிக்கிறாரோ? மிச்சமிருந்த தேதியை கிரீஷ் அவசரமாக மொபைலில் தேடினான். மே 31, 1935: குவெட்டாவில் பூகம்பம். போச்சு!

“மே முப்பத்தொண்ணு...” என்று முனகினான்.

“பேஷ்! அன்னிக்கே வச்சுக்கலாம்.”

கிரீஷுக்குப் பொய் வராது. “அங்கிள், அன்னிக்குப் பெரிய பூகம்பம் வந்திருக்கு.”

“தெரியும், மாப்பிள்ளை. அதே தேதியிலதான் நான் இவளைக் கல்யாணம் பண்ணிண்டேன்.” காபியோடு வந்த மனைவி அலர்மேல்மங்கையைக் காட்டினார் பத்ரிநாத். “முப்பது வருஷமாச்சு. வீடு ஒரு தடவைகூட ஆடலை.”

“ஆடாம பிடிச்சுண்டு நிக்கறது யாராம்?” என்றபடி, முதல் டம்ளரை மாப்பிள்ளையிடம் நீட்டினாள் அலர்மேல்மங்கை.