இதயம் சொன்ன திருத்தம்

உலகோர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய மாபெரும் செய்தி: காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக எழுதப்பட்டுவரும் மென்பொருள் இன்று முடிந்தே தீரும். கூட்ட அறையில் எழுந்து நின்று இதைப் பிரகடனம் செய்தவர் புராஜெக்ட் மேனேஜர். வெட்டுவதற்கு மேஜையில் கேக் கூடத் தயார்.

‘வாடிக்கையாளரே நம் இதயம். மாற்றம் எப்போது கேட்டாலும் வரவேற்போம்’ என்று சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்ததும் அவரே. அந்த இதயம் இப்போது எதிரில் உட்கார்ந்து திரையை முறைத்துக்கொண்டிருந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவுத் தலைவியான அந்த அம்மாள் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது.

“தேதி இடதுபக்கம் வரணும்,” என்றார் அம்மாள்.

“போன டெமோல நீங்கதானே மேடம் வலதுபக்கம் கேட்டீங்க?” என்றாள் புரோகிராமர் பெண்.

“அப்பக் கேட்டேன். இப்ப மாத்திக் கேக்கறேன். சுவத்துல என்ன எழுதியிருக்கு, படிம்மா.”

அவள் படிக்கவில்லை. பல்லைக் கடித்தாள்.

ஒவ்வொரு டெமோவிலும் இதே கூத்துதான். கடைசியில் அம்மாள் வராந்தாவுக்குப் போய்த் தன் பிரிவுக்குப் போன் போடுவார். “இன்னிக்கும் முடியல. எல்லாரும் நிம்மதியாச் சாப்பிடுங்க.” நம் சாப்பாட்டில் மண்ணைப் போட்டுவிட்டு அங்கே என்ன கரிசனம் பார் என்று டீம் புலம்பும்.

இன்று மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. “மேடம், இன்னிக்கு நீங்க ஓகே சொல்லலைன்னா உங்க டைரக்டர்கிட்ட நேராப் போவேன்.”

“தாராளமாப் போங்க. ஆனா ஏத்துக்கிட்டோம்னு கையெழுத்துப் போட வேண்டியது நான். போட மாட்டேன்.”

“அப்படி என்னதான் மேடம் குறை இதுல?”

“ஒரு குறையும் இல்ல. பிரமாதமா வேலை செய்யுது. அதான் சார் வினை. இது ஓட ஆரம்பிச்ச மறுநாளே என் பிரிவுல அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பறாங்க. என்னால ஆனவரைக்கும் அந்தத் தேதி இடதும் வலதுமா நடந்துக்கிட்டேதான் இருக்கும். ஆனதைப் பாருங்க!”

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வருத்தம்தான் மேடம். ஆனா, வளர்ச்சின்னு ஒண்ணு வரும்போது சில தியாகங்கள்...”

“அது கிடக்கட்டும். இது முடிஞ்சதும் உங்க டீமுக்கு அடுத்து என்ன வேலை?”

புரோகிராமர் பெண் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் கேக்கைப் பார்த்தார். அடுத்த புராஜெக்ட் எதுவும் இல்லை, இது முடிந்ததும் டீமையே கலைத்துவிடப் போகிறோம் என்று மேலிடம் சொன்னதை அவர் இன்னும் யாரிடமும் பிரகடனம் செய்திருக்கவில்லை.

மெல்ல உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார்.

“வேற என்னென்ன மாத்தணும், சொல்லுங்க மேடம்.”