நோராவுக்கு ஐந்து நட்சத்திரம்

"மதன், இன்னைக்கும் நாலு ஸ்டாருதான்னா, நாளையிலருந்து நீ உங்க ஊரு பரளச்சியிலயே இருந்துக்கிரலாம். பஸ்ஸுக்கு அலைய வேணாம்" என்றாள் சண்முகவடிவு.

"இல்லக்கா... அஞ்சு வாங்கிர்றேங்க்கா."

அருப்புக்கோட்டையில், உரக்கடைக்கு மேல் மாடி. எட்டு கம்ப்யூட்டர், எட்டுப் பட்டதாரிகள். ஐரோப்பாவில் வேலை கிடைக்காத இளைஞர்கள் ஓர் இணையதளத்தில் வந்து புலம்பினால், இங்கிருந்து ஆங்கிலத்தில் ஆறுதலும் ஆலோசனையும் போகும். எட்டுப் பேருக்கும் அங்கே ஒரே பெயர்: நோரா. எட்டு நோராக்களையும் மேய்ப்பது சண்முகவடிவு.

மதன்குமாருக்குப் பயிற்சிக் காலத்தின் கடைசி நாள். புலம்ப வந்தவர் யாராவது போகும்போது ஒரே ஒரு ஐந்து நட்சத்திரம் போட்டால் வேலை நிரந்தரம்.

மணி நாலு. திரையில் போர்ச்சுகலிலிருந்து தியாகோ வந்தான்.

"வயது இருபத்தொன்பது. இரண்டு முதுகலைப் பட்டம். இன்னும் அப்பா வீட்டில், சின்ன வயதுக் கட்டிலில் படுக்கிறேன். கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்பா பள்ளிக்கூடத்தையே முடிக்கவில்லை. இருபதில் தபால் ஆபீஸ் வேலை, முப்பதில் சொந்த வீடு. கேட்டால், எனக்கு முயற்சி போதவில்லையாம்."

மதன்குமாருக்குக் கை பரபரத்தது. அவன் அப்பா பத்தாவது. கண்டக்டர் வேலை வீடு தேடி வந்தது. பி.இ. முடித்த மகனைப் பார்த்து அவரும் தினமும் இதையேதான் சொல்கிறார். 'எங்கள் அப்பாவும்' என்று தட்ட ஆரம்பித்தான்.

"ஏலே, அழி அழி!" பக்கத்து நாற்காலி இன்பராஜ் பதறினான். "அக்கா பாத்துச்சுன்னா தொலஞ்ச. நோராவுக்கு ஏதுலே அப்பா?"

"மனசு கேக்கல மாப்ள."

"மனச செருப்போட வெளிய விட்டுட்டு வரணும்லே."

அழித்தான். 'உங்கள் ஆதங்கம் புரிகிறது' என்று அனுப்பினான். அதுதான் சட்டம். பிழை கூடாது, தாமதம் கூடாது, சொந்தக் கதை கூடவே கூடாது.

தியாகோ ஒன்றேகால் மணி நேரம் கொட்டினான். மதன்குமார் ஒன்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. சண்முகவடிவு பின்னால் வந்து நின்றபோதும் தட்டிக்கொண்டே இருந்தான்.

"நன்றி, நோரா. நான் சொல்வதை யாரும் இவ்வளவு நேரம் கேட்டதில்லை" என்று தியாகோ எழுதினான். "நட்சத்திரம் போடும் முன் ஒரு கேள்வி. போன மாதம் வரை இதே தளத்தில் பதில் எழுதிக்கொண்டிருந்தவன் நான். இனி ஆள் வேண்டாம், நோரா என்று ஓர் இயந்திரம் வாங்கிவிட்டோம், எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்று என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மறைக்காமல் சொல். நீ இயந்திரம்தானே?"

மதன்குமார் திரும்பிப் பார்த்தான்.

"எதுக்கு முழிக்க? எழுதுப்பா. அதுக்குத்தான நம்மள வச்சிருக்காக" என்றாள் சண்முகவடிவு.

"ஆம், நான் இயந்திரம்தான்" என்று அனுப்பினான்.

ஐந்து நட்சத்திரம் விழுந்தது. கீழே ஒரு வரி: "தெரியும். மனிதனாக இருந்தால் இதற்குள் எழுந்து போயிருப்பான்."