ஒகேனக்கல் அனுமதி

ஒகேனக்கல்லில் பாறை இடுக்குக்குள்ளே பரிசலில் போக இப்போது அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பும் ஒரு கணினிப் பெட்டிக்கு முகத்தைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். எவன் ஆற்றைப் பார்த்து வியப்பான், எவன் சும்மா இடத்தை அடைப்பான் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுமாம். அந்தப் பெட்டி ஆற்றைப் பார்த்திருக்கிறதா என்று கேட்டேன். பெட்டியை வீட்டில் வைக்க வந்தவன் கையெழுத்துப் போடச் சொன்னான்.

ஆனால் என் வீட்டுக்காரி பச்சையம்மா நாற்பது வருஷமாகக் கேட்கிற இடம். புருஷன் பெண்டாட்டி என்றால் ரெண்டு பேரும் தேற வேண்டும். மூன்று தடவைதான் சோதிப்பார்கள்.

பெட்டி சுவரில் அருவியைக் காட்டியது. அவளுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. எனக்கு ஏழு.

“தண்ணி மேலேருந்து கீழ விழுது. இதுல என்ன இருக்கு?”

“வாயையாவது கொஞ்சம் தொறந்து வைய்யா, பாவி.”

திறந்து வைத்தேன். பெட்டி, “கொட்டாவி” என்றது.

கடைசித் தடவை. நான் அருவியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பரிசலுக்கென்று வாங்கிய ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு அவள் உள்ளேயிருந்து வந்தாள். தலையில் கனகாம்பரம். அறுபத்தாறு வயசில் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கிளம்பினவள் மாதிரி நின்றாள். நான் அருவியை விட்டுவிட்டு அவளைப் பார்த்துவிட்டேன்.

பெட்டி மணி அடித்தது.

“வியப்பு தொண்ணூற்றெட்டு. காரணம் வீட்டிலேயே இருக்கிறது. பயணம் தேவையில்லை. இருவர் விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது.”

பச்சையம்மா ஜாக்கெட்டைக் கழற்றி என்மேல் எறிந்தாள்.

“நாப்பது வருஷமா நிமிந்து பாக்காத மனுஷன், இன்னைக்குத்தான் பாக்கணுமா?”