வாசலைவிட அகலமான தொட்டி

பிர்னோ நகரில் லுபோரின் செடிக்கடையில், இருப்பதிலேயே அகலமான மண்தொட்டியை இவெதா காட்டினாள்.

"ஏம்மா, இது வீட்டு வாசல்ல நுழையாதே!" என்றார் லுபோர்.

"காலித் தொட்டிதானே, சாய்ச்சு உருட்டிக்கலாம்."

"உன்னோட ஆளுயரக் கள்ளியை இதுல நட்டுட்டா அப்புறம் சாய்க்க முடியாது. வீடு மாறினா என்ன பண்ணுவே?"

"நான் மாற மாட்டேன்."

ஞாயிறன்று அவளுடைய முன்னாள் கணவன் ராதிம் வேனோடு அவள் வீட்டுக்கு வந்தான். உள்ளே கள்ளி நட்டிருந்த தொட்டியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"விவாகரத்துல கள்ளி எனக்குன்னு கையெழுத்துப் போட்டியே!"

"ஆமா. வளர்த்தவ நான், அதைப் போட்டியில காட்டிப் பரிசு வாங்கினவன் நீ. தாராளமா எடுத்துக்கோ."

"வேரோட பிடுங்கிடுவேன்!"

"பிடுங்கு. புதுசா நட்ட கள்ளியோட வேரைத் தொடக் கூடாதுன்னு கள்ளிச் சங்கத்துல தலைவரா நின்னு பேசுவியே, அந்தச் சங்கத்தையே கூப்பிட்டிருக்கேன். பார்க்கட்டும்."