களைப்பே இல்லை

“ஏலே இருளப்பா, வெரசா வாலே! நீ இப்படி மூச்சு வாங்குனா நான் எப்பலே லண்டன் மாரத்தான்ல ஓடுறது?” அதட்டினார் எஸ்டேட் முதலாளி சிதம்பரநாதன்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி அவர் பக்கத்திலேயே ஓடி ஓடி இருளப்பனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இந்த மூஞ்சிக்கு லண்டனாம், மாரத்தானாம்! மனசுக்குள் காறித் துப்பினான்.

எட்டாவது சுற்று முடிந்ததும் முதலாளி தன் 1984 டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார்: ‘இன்று இருபத்தைந்து மைல். களைப்பே இல்லை.’

பிறகு பெருமையாகச் சொன்னார்: “போட்டிக்கு முந்துன நாள் வரைக்கும் அரண்மனை, மியூசியம்னு லண்டன் பூரா சுத்திப் பாக்கணும்லே. அதுக்குக் காலைப் பத்திரமா வச்சுக்கிடணும்.”

“அதுக்குன்னு இப்படியா மொதலாளி?” கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி கேட்டான் இருளப்பன். “நாளைக்கு ஒரு ரவுண்டாச்சும் குதிரையை விட்டு எறங்கி ஓடிப் பாருங்க.”